அம்பாஸிடரும் பியட்டும்

சில வழக்குகளுக்குக் கோர்ட்டிலும் தீர்ப்புக் கிடைப்பதில்லை, திண்ணையிலும் கிடைப்பதில்லை. அம்பாஸிடர் உசத்தியா, பியட் உசத்தியா என்பது அந்த ரகத்தைச் சேர்ந்தது. இரண்டு வண்டிகளும் உற்பத்தி நின்று போய் எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. ஆயினும் வழக்கு நின்றபாடில்லை. கல்யாணப் பந்தலில் ஐம்பது பிராயம் கடந்த இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். சம்பந்தி வீட்டுச் சாம்பாரைப் பற்றிய விமரிசனம் முடிந்ததும் பேச்சு இதில்தான் வந்து நிற்கிறது. “அம்பாஸிடர் என்றால் யானை ஐயா! ஆற்றில் இறக்கினாலும் ஏறி வரும்” என்பார் ஒருவர். “யானைக்குத் தீனி போட்டுக் கட்டுமா? பியட் மான்குட்டி அல்லவோ?” என்பார் மற்றவர். யானையையும் மானையும் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தவர்கள் மட்டும் அதிகம் இல்லை.

நாம் மோட்டார் நிபுணர் அல்லோம்; பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஜீவனம் செய்கிறவர். ஆகையால் இந்த வழக்கைக் கணக்கு வாத்தியாரின் முறையிலேயே விசாரித்துப் பார்க்க உத்தேசம். இலக்கங்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை தானே அடங்கிவிடும் என்பது நம் அனுபவம்.

முதலில் இரண்டின் ஜாதகத்தையும் பார்ப்போம். அம்பாஸிடரைச் செய்தது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். இது பிர்லா குடும்பத்தினர் 1942-ம் வருஷத்தில் ஆரம்பித்த கம்பெனி. தொழிற்சாலை வங்காளத்தில், கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இருந்தது. இங்கிலாந்தில் 1956-ல் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாவது வரிசை வண்டியே, 1957-58-ல் அம்பாஸிடர் என்ற நாமகரணத்தோடு நம் நாட்டில் அவதரித்தது. பியட்டைச் செய்தது பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் ஸ்தாபித்த கம்பெனி. தொழிற்சாலை பம்பாய் குர்லாவில். இத்தாலி தேசத்துப் பியட் 1100 ரக வண்டியை 1954 முதல் இவர்கள் இங்கே தயாரித்தார்கள். 1964 முதல் வந்த புதிய உருவத்துக்கு 1974-ல் ‘பிரீமியர் பத்மினி’ என்று பெயர் மாறியது. சித்தூர் ராணியின் பெயர் அது. பெயர் மாறினாலும் ஜனங்கள் கடைசி வரையில் பியட் என்றே அழைத்தார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

ஆக, யானைக்குத் தாய்நாடு இங்கிலாந்து. மானுக்குத் தாய்நாடு இத்தாலி. இரண்டும் புக்ககம் வந்த இடம் இந்தியா. வந்த பிறகு இரண்டும் பிறந்தகத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தச் செய்தி பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

இனி உடல் அளவு. அம்பாஸிடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர், பியட்டின் நீளம் சுமார் 3.9 மீட்டர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் முன்னதில் 246 சென்டிமீட்டர், பின்னதில் 234 சென்டிமீட்டர். இதில் வித்தியாசம் வெறும் 12 சென்டிமீட்டர்தான். அகலத்தில்தான் விஷயம் இருக்கிறது. அம்பாஸிடர் சுமார் 166 சென்டிமீட்டர் அகலம். பியட் சுமார் 146. இருபது சென்டிமீட்டர் என்பது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. “ஒரு சாண் பெரிய விஷயமா?” என்று கேட்கலாம். பின் ஆசனத்தில் நடுவில் உட்கார்ந்து மதுரை வரையில் பிரயாணம் செய்தவரை விசாரித்தால் அந்த ஒரு சாணின் மகிமை தெரியும். அம்பாஸிடரில் பின்னால் மூவர் சௌக்கியமாக உட்காரலாம். மடியில் குழந்தைகளையும் வைத்துக்கொள்ளலாம். பியட்டில் மூவர் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் தோளைக் குறுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை அடைந்த பையனைப் போல் வரவேண்டும். இரண்டிலும் கியர்க் கைப்பிடி ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்து இருந்தபடியால், முன்னால் நீண்ட பலகை போன்ற ஒரே ஆசனத்தில் ஓட்டுகிறவரோடு இருவர் உட்கார முடிந்தது. நம் ஜனங்கள் இந்த வசதியை ஒருபோதும் வீணாக்கியதில்லை.

இயந்திரத்துக்கு வருவோம். மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேசும்போது ‘இத்தனை கன சென்டிமீட்டர்’ என்று சொல்வது வழக்கம். இயந்திரத்தின் உருளைகளுக்குள் தண்டுகள் ஒரு முறை மேலும் கீழும் போய் வரும்போது எவ்வளவு இடத்தைக் கடக்கின்றன என்பதே அந்தக் கணக்கு. வயிற்றின் கொள்ளளவு என்று வைத்துக்கொள்ளலாம். அம்பாஸிடர் ஆரம்பத்தில் 1,476 கன சென்டிமீட்டர் கொண்ட பழைய மாதிரி இயந்திரத்தோடு வந்தது. பிறகு, வால்வுகள் மேல்புறத்தில் அமைந்த 1,489 கன சென்டிமீட்டர் இயந்திரத்தைப் பெற்றது. அதன் வலு சுமார் 50 குதிரைச் சக்தி. பியட்டின் இயந்திரம் 1,089 கன சென்டிமீட்டர். வலு சுமார் 40 குதிரைச் சக்தி. இரண்டிலும் உருளைகள் நான்கு, கியர்களும் நான்கு.

வயிறு சிறுத்தவன் சுறுசுறுப்பாக இருப்பது உலக இயற்கை. அம்பாஸிடரின் இயந்திரம் நிமிஷத்துக்குச் சுமார் 4,200 சுற்றில் தன் முழு வலுவையும் கொடுத்தது. பியட் அதற்குச் சுமார் 4,800 சுற்றுச் சுற்றவேண்டியிருந்தது. முன்னது பாரம் இழுக்கும் வண்டிமாடு. நிதானமாகக் காலை ஊன்றி மேட்டில் ஏறும். பின்னது ஜட்கா குதிரை. விரட்டினால் ஓடும், விரட்டாவிட்டால் நின்றுவிடும். மூன்றாவது கியரிலேயே சந்து பொந்தெல்லாம் போய் வந்த அம்பாஸிடர் டிரைவர்கள் எத்தனையோ பேர். பியட் ஓட்டுகிறவருக்கு அந்தச் சோம்பல் செல்லாது. கியரை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

மற்ற உறுப்புகளிலும் ஏற்றத் தாழ்வு உண்டு. அம்பாஸிடரின் ஸ்டியரிங் பற்சட்டமும் பற்சக்கரமும் சேர்ந்த அமைப்பு. அந்தக் காலத்துக்கு அது முன்னேற்றமான ஏற்பாடே. முன் சக்கரங்களை முறுக்குக் கம்பிகள் தாங்கின. பியட்டில் முன்னால் சுருள் ஸ்பிரிங்குகள். இரண்டிலும் பின்னால் மாட்டு வண்டிக் காலத்திலிருந்து நமக்குப் பழக்கமான தகட்டு அடுக்கு ஸ்பிரிங்தான். சக்கரம் அம்பாஸிடருக்கு 15 அங்குலம், பியட்டுக்கு 14 அங்குலம். கிராமத்து வண்டித் தடத்தில் அந்த ஓர் அங்குலமும், தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே இருந்த உயரமும் அம்பாஸிடருக்குப் பெரும் துணையாயின.

இப்போது கரும்பலகைக் கணக்கு. வண்டியின் வலுவை மாத்திரம் பார்த்து உசத்தி தாழ்த்தி சொல்லக்கூடாது. அந்த வலு எவ்வளவு பாரத்தை இழுக்கவேண்டும் என்றும் பார்க்கவேண்டும். அம்பாஸிடரின் எடை சுமார் 1,100 கிலோ. பியட்டின் எடை சுமார் 900 கிலோ. 50 குதிரைச் சக்தியை 1,100 கிலோவுக்குப் பங்கிட்டால் டன் ஒன்றுக்கு 45 வருகிறது. 40 குதிரைச் சக்தியை 900 கிலோவுக்குப் பங்கிட்டால் 44 வருகிறது. இந்தக் கணக்கை ஒரு சமயம் வகுப்பில் கொடுத்தோம். விடை வந்ததும் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். இத்தனை வருஷமாகத் தாத்தாக்கள் மாத்துக்கு மாத்துச் சண்டை போட்ட விஷயத்தில், வித்தியாசம் ஒன்றே ஒன்றுதானா?

ஆனால் வெறும் வண்டி யாருக்கு வேண்டும்? ஆட்களை ஏற்றிப் பார்ப்போம். ஆளுக்கு 60 கிலோ வீதம் ஏழு பேர் என்றால் 420 கிலோ. அம்பாஸிடரின் மொத்த எடை 1,520. பியட்டின் மொத்த எடை 1,320. இப்போது டன் ஒன்றுக்கு அம்பாஸிடருக்குச் சுமார் 33 குதிரைச் சக்தியும், பியட்டுக்குச் சுமார் 30-ம் கிடைக்கின்றன. ஒன்றாக இருந்த வித்தியாசம் மூன்றாகிவிட்டது. பாரம் ஏற ஏற இலேசான வண்டிக்கே நஷ்டம் அதிகம். தன் எடையில் பாதியை அது முதுகில் சுமக்கவேண்டி வருகிறது. பெட்டி படுக்கை, பலகாரக் கூடை, வாழைத்தார் ஆகியவற்றை டிக்கியிலும் கூரைமேலும் சேர்த்துக்கொண்டால் வித்தியாசம் இன்னும் வளரும். திருப்பதிக்கும் பழனிக்கும் குடும்பத்தோடு போனவர்கள் அம்பாஸிடரைத் தேடியதன் ரகசியம் இதுவே.

பெட்ரோல் கணக்கு மறுபக்கம் பேசுகிறது. ஓட்டிப் பழகியவர்கள் சொல்லும் சராசரிப்படி, அம்பாஸிடர் லிட்டருக்குச் சுமார் 10 கிலோமீட்டரும், பியட் 12, 13 கிலோமீட்டரும் ஓடும். ஆயிரம் கிலோமீட்டர் போய் வந்தால் பியட்காரருக்குச் சுமார் 20 லிட்டர் மிச்சம். தாமே ஓட்டிக்கொண்டு ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்த வக்கீல்களும் வைத்தியர்களும் பியட்டை விரும்பியது நியாயந்தான். குறுகின தெருவில் திருப்பவும் அது சுலபம். நிறுத்த இடமும் குறைவாகப் போதும். பம்பாயில் கறுப்பும் மஞ்சளுமாகப் பியட் டாக்ஸிகள் நிரம்பியதற்கும், கல்கத்தாவில் மஞ்சள் அம்பாஸிடர்கள் நிரம்பியதற்கும், தொழிற்சாலை பக்கத்தில் இருந்தது ஒரு காரணம். நம் மாகாணத்துக்கும் ஒரு வண்டி இருந்தது என்பதை மறக்கலாகாது. சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் 948 கன சென்டிமீட்டர் கொண்ட ஹெரால்டு வண்டியைச் செய்தார்கள். இந்த மூன்றுக்குள்தான் இருபது முப்பது வருஷ காலம் இந்தியக் குடும்பங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வதுகூட உபசார வார்த்தை. அந்நிய வண்டிகளின் இறக்குமதி அடைபட்டிருந்தது. எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். 1969-ல் விலையையும் சர்க்கார் சட்டப்படி நிர்ணயித்தார்கள். பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்கவேண்டும்; எந்த நிறம் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம். ஒதுக்கீடு வந்ததும் வண்டியை எடுத்து, மறுநாளே லாபத்துக்கு விற்றவர்களும் உண்டு. புது வண்டியைவிடப் பழைய வண்டிக்கு அதிக விலை என்ற அதிசயத்தை உலகத்தில் வேறு எத்தனை தேசங்கள் கண்டிருக்கும்?

இதன் பலனை வருஷ இலக்கங்களிலேயே பார்க்கலாம். இங்கிலாந்தில் அந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு வரிசை 1959-லேயே வேறு உருவத்துக்கு இடம் கொடுத்து ஒதுங்கிவிட்டது. நம் அம்பாஸிடரோ மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பெயரை மாற்றிக்கொண்டு, முகப்பில் கம்பித் தட்டியையும் விளக்கையும் திருத்திக்கொண்டு, உள்ளே அதே இயந்திரத்தோடு ஓடிற்று. 1980 வாக்கில் டீஸல் இயந்திரம் வந்தது. பெட்ரோலில் குறிப்பிடத்தக்க மாற்றம் 1992-ல்தான். ஜப்பானிய இஸூஸு ரகத்தைச் சேர்ந்த, 1,817 கன சென்டிமீட்டரும் 75 குதிரைச் சக்தியும் கொண்ட இயந்திரம் அப்போது கிடைத்தது. பியட்டின் கதையும் இதுவே. இத்தாலியில் 1966-ல் விடைபெற்ற உருவம் இங்கே 2000-ம் வருஷம் வரையில் உயிரோடு இருந்தது.

1983 டிசம்பர் 14-ந் தேதி மாருதி 800 வெளிவந்தது. ஜப்பான் தேசத்து சுஸூகி கம்பெனியின் கூட்டுறவில் பிறந்த சிறு வண்டி. இயந்திரம் 796 கன சென்டிமீட்டர், உருளைகள் மூன்றே. வலு ஏறக்குறைய 37 குதிரைச் சக்தி; எடை ஏறக்குறைய 650 கிலோ. நம் கரும்பலகையில் மூன்றாவது வரியாக இதை எழுதினால், டன் ஒன்றுக்கு 57 வருகிறது! நாற்பத்தைந்தா நாற்பத்துநான்கா என்று தாத்தாக்கள் மல்லுக்கு நின்றுகொண்டிருக்கையில், கைக்குழந்தை போன்ற ஒரு வண்டி இருவரையும் தாண்டிப் போய்விட்டது. ஆரம்ப விலை 47,500 ரூபாய். பெட்ரோல் செலவும் குறைவு. அத்துடன் வழக்கின் கேள்வியே மாறிவிட்டது. ‘இரண்டில் எது உசத்தி?’ என்று கேட்டுக்கொண்டிருந்த நாம், ‘இரண்டும் ஏன் நின்ற இடத்திலேயே நின்றன?’ என்று கேட்டிருக்கவேண்டும்.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இவை சுதேசி வண்டிகள். குறை சொல்லலாமா என்று சில பெரியவர்கள் மனம் வருந்தக் கூடும். அவர்கள் வருத்தத்தை நாம் மதிக்கிறோம். சுதந்திரம் வந்த புதிதில் ஆணி முதல் அச்சு வரையில் நம் நாட்டிலேயே செய்யவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததில் தவறில்லை. அந்தப் பிடிவாதத்தினால்தான் வார்ப்பு, கடைசல், டயர், பாட்டரி, கண்ணாடி என்று நூறு உபதொழில்கள் இங்கே வேரூன்றின. மூலை முடுக்கிலுள்ள பட்டறைகளிலெல்லாம் கைத்திறன் படைத்த மெக்கானிக்குகள் தோன்றினார்கள். அம்பாஸிடருக்கு நடுக்காட்டில் கோளாறு வந்தாலும், அடுத்த ஊரில் சுத்தியலும் ஸ்பானரும் வைத்திருக்கும் ஓர் இளைஞன் அதைக் கிளப்பிவிடுவான் என்ற தைரியம் எத்தனை குடும்பங்களை ராத்திரிப் பிரயாணம் செய்ய வைத்திருக்கிறது! அது சாமானியச் சொத்தல்ல.

ஆனால் குழந்தையை நிற்கப் பழக்குவதற்காகக் கையைப் பிடித்துக்கொள்கிறோம். இருபது வயது வரையில் பிடித்துக்கொண்டால் அது நடக்காது. போட்டியில்லாத வியாபாரிக்குத் திருந்தவேண்டிய அவசியம் இல்லை. செய்ததெல்லாம் விற்றுப்போகும் என்றால், கதவு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க யாருக்குத் தோன்றும்? ‘ஹாரனைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும்’ என்று ஜனங்கள் அம்பாஸிடரைக் கேலி செய்தார்கள். கேலி செய்தபடியே காத்திருந்து வாங்கினார்கள். காத்திருப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியும் வைக்கப்படவில்லை. முதலாளிகளுக்கு லாபம் நிச்சயம். சர்க்காருக்கு அதிகாரம் நிச்சயம். வாங்குகிறவனுக்கு மட்டும் எதுவும் நிச்சயமில்லை. சுதேசிப் பொருளிடம் மெய்யான அபிமானம் உள்ளவன் அதன் குறையை முதலில் சொல்லுகிறவனாக இருக்கவேண்டும். மற்றவர் பிள்ளையின் விடைத்தாளில் மதிப்பெண் கூட்டிப் போடலாம். நம் பிள்ளையின் விடைத்தாளில் போட்டால் நஷ்டம் நமக்கே.

கடைசியில் நஷ்டப்பட்டவர்கள் யார் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். 2014-ம் வருஷம் மே மாதம் உத்தர்பாராத் தொழிற்சாலையில் வேலை நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களின் பிழைப்புக் கேள்விக்குறியாயிற்று. அவர்களில் ஒருவராவது இயந்திரத்தை மாற்றவேண்டாம் என்று தீர்மானித்தவர் அல்லர். அம்பாஸிடர் என்ற பெயரை மட்டும் 2017-ல் பிரான்ஸ் தேசத்துப் பெஜோ கம்பெனியார் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார்கள். பம்பாயில் கடைசிப் பியட் டாக்ஸி, சட்டம் அனுமதித்த இருபது வருஷமும் முடிந்து, 2023 அக்டோபரில் தெருவிலிருந்து விலகியது. கல்கத்தாவின் மஞ்சள் வண்டிகளும் வயது வரம்பினால் குறைந்துகொண்டே வருகின்றன.

வீட்டில் இவ்வண்டிகளில் ஒன்றை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கும் நேயர்கள் சிலர் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு யோசனை. இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் சாராயம் கலந்திருக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டரின் உட்பாகங்களையும் அது அரிக்கக்கூடும். அவற்றை நல்ல மெக்கானிக்கிடம் காட்டிப் புதிய ரகமாக மாற்றிக்கொள்வது உத்தமம். இவ்வண்டிகளின் பிரேக் அந்தக் காலத்து வேகத்துக்காக ஏற்பட்டது. நாலு வழிச் சாலையில் இளைஞர்களோடு பந்தயம் போகவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில் வரையில் போய் வந்தால் வண்டிக்கும் ஆரோக்கியம், உடைமையாளருக்கும் ஆரோக்கியம்.

தீர்ப்பைச் சொல்லாமல் தப்பித்துவிட்டோம் என்று யாரும் குற்றம் சாட்டவேண்டாம். குடும்பம் பெரிது, சாலை மோசம், மூட்டை அதிகம் என்றால் அம்பாஸிடர். ஓட்டுகிறவர் தாமே, ஊர் நெருக்கடி, கையில் இருப்பது அளவான பணம் என்றால் பியட். இவ்வளவுதான் இலக்கங்கள் சொல்லுகிற தீர்ப்பு. அடுத்த தடவை கல்யாணப் பந்தலில் இந்த வழக்கு எடுக்கப்படும்போது, கூடவே மூன்றாவது கேள்வியையும் எடுக்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இன்று நாம் பெருமையோடு நம்முடையது என்று சொல்லிக்கொள்ளும் பொருள்களில், எவை போட்டிக்கு நின்று ஜயித்தவை, எவை வேலிக்குள் நின்று ஜயித்தவை? விடை தெரிந்துகொள்ளக் கரும்பலகையும் ஒரு துண்டுச் சாக்கட்டியும் போதும்.